திரையில் உள்ளபடி

அவரிடம் கல்யாணப் பத்திரிகை கொடுக்க எங்கள் அலுவலகத்தில் பலரும் தயங்குவார்கள். வாங்கியதும் மற்றவர்களைப் போல அட்டையை மட்டும் பார்த்துவிட்டு, "கண்டிப்பா வந்துடறேன்" என்று மேஜைமேல் போட்டுவிட மாட்டார். எழுந்து நின்று, பிள்ளையார் சுழியில் தொடங்கி அச்சகத்தின் பெயர் வரைக்கும் படிப்பார். படித்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்பார்.

"எல்லாம் அச்சடிச்சாச்சா?"

ஆச்சு என்றால், "ரொம்ப நல்லா வந்திருக்கு" என்று சொல்லி மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வார். இன்னும் இல்லை, இது மாதிரிதான் என்றால் போச்சு. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார். ஊர்ப் பெயரில் ஒரு கொம்பு குறைகிறது, மண்டபம் இருக்கும் தெருவின் பெயர் தப்பு, முகூர்த்த நேரத்தில் காலையா மாலையா என்றே இல்லை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார்.

என் பத்திரிகையை நான் அச்சடித்த பிறகுதான் கொடுத்தேன். நன்றாக வந்திருக்கிறது என்றுதான் சொன்னார். அதில் என் மாமனார் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்ததைக் கல்யாணமெல்லாம் முடிந்து மாமனாரே கண்டுபிடித்துக் கோபித்துக்கொண்டார். அலுவலகம் திரும்பியதும் அவரிடம் போய்க் கேட்டேன்.

"சார், உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"சொல்லி என்ன பண்ணுவீங்க? தாலி கட்டற நேரத்துல அதையே நினைச்சுட்டு உட்கார்ந்திருப்பீங்க."

அவர் அப்படித்தான். திருத்த முடிகிறவரை எதையும் விடமாட்டார். திருத்த முடியாது என்று தெரிந்துவிட்டால் அதோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிடுவார். இந்த இரண்டுக்கும் நடுவே மற்றவர்களுக்கு இருக்கும் புலம்பலும் இழுபறியும் அவரிடம் இருந்ததில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. சில சமயம் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் நிறுவனம். சின்ன மருத்துவமனைகளுக்கான மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். நோயாளி உள்ளே வருவதிலிருந்து மருந்து, பரிசோதனை, வீட்டுக்குப் போவது வரை எல்லாமே அந்தத் திரைகளில் நடக்கும். நான் சோதனைப் பிரிவு. அவர் பயனர் கையேடு எழுதுபவர். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்று நர்சுகளுக்கும் வரவேற்பில் இருப்பவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதுவது அவர் வேலை. என்னைவிட வயதில் கொஞ்சம் பெரியவர். அடுத்தடுத்த இருக்கை. நான் ராஜகீழ்ப்பாக்கம், அவர் செம்பாக்கம் ஏரிப் பக்கம். மழை நாட்களில் அவருடைய காரில்தான் வீடு திரும்புவேன்.

எங்கள் மென்பொருளின் தமிழ்ப் பதிப்பில் எழுத்துப் பிழைகள் ஏராளம். வெளியே யாரிடமோ கொடுத்து மொழிபெயர்த்து வாங்கியது. 'நோயாளி' பல இடங்களில் 'நோயளி' என்று இருந்தது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் திரையின் தலைப்பு 'நோயாளியை வெளியேற்று'. நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அவர் சிரிக்கமாட்டார். ஒவ்வொன்றையும் படம் பிடித்து, எந்தத் திரை, எந்த வரி என்று குறித்துப் பிழைப் பட்டியலில் ஏற்றுவார். புரோகிராமர்கள் அவரைக் கண்டாலே காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வார்கள். அவர்கள் அதைக் கழற்றும் வரைக்கும் பக்கத்திலேயே நிற்பார்.

ஆனால் கையேட்டில் மட்டும் திரையில் இருக்கும் பிழையை அப்படியே எழுதுவார். 'நோயளி விவரம் என்பதை அழுத்தவும்.' ஒருநாள் நான் கேட்டேவிட்டேன்.

"தப்புன்னு தெரிஞ்சுதானே சார் எழுதறீங்க? படிக்கறவங்க உங்களுக்குத்தான் தமிழ் தெரியலைன்னு நினைக்க மாட்டாங்களா?"

"நினைக்கட்டுமே."

"நீங்களாவது சரியா எழுதலாம் இல்ல?"

"ஒருத்தங்க புத்தகத்தைக் கையில வெச்சுக்கிட்டு ஸ்கிரீனைப் பார்க்கறாங்க. புத்தகத்துல இருக்கற வார்த்தை ஸ்கிரீன்ல இல்லைன்னா, அவங்க அங்க தனியா நிக்கறாங்க. எனக்குத் தமிழ் தெரியும்னு காட்டறதுக்காக அவங்களை அப்படி நிறுத்த முடியுமா? ஸ்கிரீனை மாத்தச் சொல்லிக் கேட்டுட்டே இருப்பேன். மாத்தற வரைக்கும் ஸ்கிரீன்ல என்ன இருக்கோ அதைத்தான் எழுதணும்."

அவர் தொடர்ந்து இவ்வளவு பேசுவது அபூர்வம். வீட்டில் பேச்செல்லாம் அவர் மனைவிதான். குரோம்பேட்டையில் ஒரு வங்கியில் கவுன்டரில் இருந்தார். வரிசையில் நிற்கும் பெரியவர்களின் மூட்டுவலி முதல் பேரன் அட்மிஷன் வரை விசாரித்து அனுப்புகிறவர். கணவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். வாசலில் நின்று அவர் கூப்பிட்டால் தெருமுனைவரை கேட்கும். என்னையும் முதல் நாளே 'வாடி, போடி' என்று சேர்த்துக்கொண்டார். "இந்த மனுஷன் வீட்டுல பேசற வார்த்தையை எண்ணிடலாம்டி. ஆபீஸ்லயாவது வாயைத் திறக்கறாரா?" என்று கேட்பார். அவரோ பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்.

இருப்பதை இருக்கிறபடி சொல்லும் அந்தப் பழக்கத்துக்கு வீட்டில் அடிவாங்கியவள் அவர்களுடைய ஒரே மகள். பன்னிரண்டாம் வகுப்பில் அவள் ஒரு பாடத்தில் தேறவில்லை. உறவில் யார் போன் செய்தாலும் மனைவி, "இன்னும் ரிசல்ட் சரியா பார்க்கலை" என்று மழுப்பிக்கொண்டிருந்தார். இவர் கையில் போன் கிடைத்ததும், "பிசிக்ஸ்ல ஃபெயில். மறுபடி எழுதறா" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் அவரோடு பல நாள் பேசவில்லை. அவருக்கு அது கடைசிவரை புரியவில்லை. "நடந்ததைத்தானே சொன்னேன்? திரும்ப எழுதறான்னும் சொன்னேனே?" என்று என்னிடம் கேட்டார். அவள் மறுபடி எழுதித் தேறி, தாம்பரத்திலேயே ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். ஆனாலும் அப்பா என்ன சொல்லிவிடுவாரோ என்ற ஒரு விழிப்பு அவள் முகத்தில் எப்போதும் இருந்தது.

பிறகு வந்தது 'அழி'.

வார்டில் நர்சுகள் பார்க்கும் திரையில், நோயாளிக்கு மருந்து கொடுத்ததும் அழுத்த வேண்டிய பொத்தான் ஒன்று உண்டு. அதில் 'மருந்து அளி' என்று இருக்க வேண்டும். புதுப் பதிப்பில் அது 'மருந்து அழி' என்று வந்துவிட்டது. அவர்தான் பார்த்தார். அன்று ஹெட்போன்காரர்களிடம் போகவில்லை. நேராக மேலாளரிடம் போனார். மேலாளர் கெட்டவர் இல்லை. பதிப்பு மூடியாகிவிட்டது, இனி ஓர் எழுத்தைத் தொட்டாலும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும், வாடிக்கையாளர்களுக்குத் தேதி சொல்லியாகிவிட்டது, அடுத்த பதிப்பில் முதல் வேலையாகத் திருத்திவிடலாம் என்றார்.

"சரி சார். அப்போ புத்தகத்துல நான் இப்படிப் போடறேன்" என்று தான் எழுதியிருந்ததைக் காட்டினார். 'மருந்து அழி என்ற பொத்தானை அழுத்தவும். இந்தப் பெயர் பிழையானது. இது எதையும் அழிக்காது. நீங்கள் மருந்து கொடுத்துவிட்டதைப் பதிவு செய்யும்.'

மேலாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். "நம்ம சாஃப்ட்வேர்ல தப்பு இருக்குன்னு நாமளே அச்சடிச்சுக் குடுக்கறதா? பச்சை பட்டனை அழுத்துங்கன்னு போட்டுடுங்களேன். பேரே வேண்டாம்."

"புத்தகம் கறுப்பு வெள்ளையில பிரிண்ட் ஆகுது சார். அதுவும் இல்லாம, பட்டன் மேல எழுதியிருக்கறதைப் படிச்சுட்டு யார் சார் அழுத்துவாங்க?"

வாக்குவாதம் நீண்டது. கடைசியில் மேலாளர் தானே கோப்பைத் திறந்து குறிப்பை நீக்கிவிட்டு, 'மருந்து அளி பொத்தானை அழுத்தவும்' என்று சரியான தமிழில் போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள் வந்து இறங்கின. அவர் ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மூடி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

முடிச்சூர்ப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையிலிருந்து புகார் வந்தபோது என்ன நடந்தது என்று பார்க்க எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். சர்க்கரை நோயாளியான ஒரு பெரியவருக்குக் காலையில் ஒரு நர்ஸ் இன்சுலின் ஊசி போட்டிருக்கிறார். பதிவு செய்யவில்லை. அடுத்து வந்தவர் திரையைப் பார்த்து, ஊசி போடவில்லை என்று நினைத்து மறுபடி போட்டுவிட்டார். பெரியவர் மயங்கி விழுந்து, குளுக்கோஸ் ஏற்றிப் பிழைத்தார். நாங்கள் போனபோது கட்டிலில் சாய்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

காலையில் ஊசி போட்ட நர்ஸ் அழுது கண் வீங்கியிருந்தார். கையேட்டைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார்.

"பாருங்க சார். புக்குல அளின்னு போட்டுக்கீது. ஸ்கிரீன்ல அப்டி ஒன்னுமே இல்ல, அழின்னுதான் கீது. அழின்னா அழிஞ்சுபூடும்னுதானே நெனைப்போம்? நான் பயந்துகினு தொடவே இல்ல. இப்ப என்னை வேலைய வுட்டுத் தூக்கறேன்றாரு டாக்டரு."

"உங்க மேல தப்பு இல்லம்மா."

"அத்த என்னாண்ட சொல்லி இன்னா சார் பிரயோசனம்? அவராண்ட சொல்லுங்க."

அவர் உடனே டாக்டரின் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். "தப்பு எங்களோடது டாக்டர். ஸ்கிரீன்லயும் தப்பு, புத்தகத்துலயும் தப்பு. அந்தப் பொண்ணு படிச்சது எதுவோ அதைத்தான் செஞ்சிருக்கு" என்றார். நிறுவனத்தின் சார்பில் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று சொல்லித்தான் எங்களை அனுப்பியிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு வேலை போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அலுவலகத்தில் முக்கியமான கையேடு எதுவும் அவரிடம் வரவில்லை.

திரும்பும் வழியில் பெருங்களத்தூர் நெரிசலில் வண்டி நின்றபோது, "அச்சடிச்சாச்சுன்னு விட்டுட்டேன் பாருங்க. ஒரு போன் பண்ணி ஒவ்வொரு ஆஸ்பத்திரியா சொல்லியிருக்கலாம்" என்றார். ஒன்றை விட்டுவிட்டதற்காக அவர் வருந்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த வருஷ மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வங்கியில் ஒரு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தவர், பாதி வாக்கியத்தில் மேஜைமேல் சரிந்திருக்கிறார். உயிருக்கு ஆபத்தில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு வந்தது. ஆனால் வார்த்தைகள் இடம் மாறிவிட்டன.

தண்ணீர் வேண்டுமென்றால் 'குடை' என்றார். மகளை 'ஜன்னல்' என்று கூப்பிட்டார். கணவரை 'செருப்பு' என்றார்.

அதுதான் கொடுமை. தான் சொல்வது தப்பு என்று அவருக்கே தெரிந்தது. சொன்ன அடுத்த நொடியே முகம் சுருங்கிவிடும். வேறு வார்த்தைக்காக உதடு தவிக்கும். மறுபடி அதே வார்த்தைதான் வரும். வரிசையில் நிற்பவர்களையெல்லாம் பேசியே சமாதானப்படுத்துகிறவர், கட்டிய கணவரைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுக் கண்ணீர் விடுவார். அவரோ, முதல் நாளிலிருந்தே அது தன் பெயர் என்பதுபோல, "இதோ வந்துட்டேன்" என்று போய் நிற்பார்.

மகள் அப்படி விட மறுத்தாள். கல்லூரி விட்டு வந்ததும் அம்மாவின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். "ஜன்னல் இல்லம்மா. என் பேரைச் சொல்லு. என் வாயைப் பாரு. சொல்லு." எதையும் உச்சரிக்க முடியாமல் அம்மா தலையைத் திருப்பிக்கொள்ளும்வரை விடமாட்டாள். பேச்சுப் பயிற்சி தர வாரம் ஒருமுறை வந்த பெண், பயிற்சி வேண்டும், ஆனால் சும்மா சும்மா திருத்தாதீர்கள், எந்த வார்த்தையில் பேசினாலும் பேசட்டும் என்று சொல்லியிருந்தார். அதில் அப்பா ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டார். மகள் மறுபாதியைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது மொட்டைமாடியில் இருவருக்கும் சண்டை. துணி எடுக்கப் போன நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

"ஆபீஸ்ல ஒரு எழுத்து தப்பா இருந்தா ஊரையே கூட்டுவீங்க. அம்மாவுக்கு மட்டும் அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டீங்க."

"விடலைம்மா. டாக்டர்கிட்ட போறோம், பயிற்சி குடுக்கறோம்."

"நீங்க பழகிட்டீங்கப்பா. அம்மா செருப்புன்னு கூப்பிடறதும் நீங்க போறதும்... எனக்குக் கேட்கவே முடியலை. நீங்க பழகிட்டா அம்மா எதுக்குக் கஷ்டப்பட்டு மாத்திச் சொல்லணும்?"

அவர் கொடியில் கிடந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தார். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அனகாபுத்தூரிலிருந்து மனைவியின் அண்ணன் தங்கையைப் பார்க்க வந்தார். அண்ணனுக்குக் காபி கொடுக்கச் சொல்ல வேண்டுமென்று அந்தம்மாவுக்கு ஆசை. உள்ளே பார்த்து, பழைய நாள் போலவே உரக்க, "செருப்பு!" என்று கூப்பிட்டார். அண்ணன் திடுக்கிட்டார். "என்னம்மா இது, மாப்பிள்ளையப் போயி..." என்றவர், என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை அந்தம்மா பார்த்தார். இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அன்றோடு பேச்சு நின்றுவிட்டது. குடையும் இல்லை, ஜன்னலும் இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் மோதிரத்தால் கட்டில் சட்டத்தில் தட்டுவார். வேண்டியது எதுவென்று மற்றவர்கள் ஊகித்துக்கொள்ள வேண்டும். மகள் பயந்துபோய்த் திருத்துவதை நிறுத்திவிட்டாள். பயிற்சி தரும் பெண், "இப்படியே இருந்தா மிச்சம் இருக்கற பேச்சும் போயிடும் சார். எப்படியாவது பேச வைங்க" என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் போனேன். நல்ல வெயில். வாசல் கதவு திறந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் சமையலறை ஓரத்திலிருந்து அவர் என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார். ஹாலில் இருந்த கட்டில் பக்கம் போக வேண்டாம் என்று கையால் தடுத்தார். இன்னொரு கையில் ஒரு டம்ளர் தண்ணீர்.

கட்டிலிலிருந்து தட்டும் சத்தம் வந்தது. அவர் நகரவில்லை. மறுபடி தட்டும் சத்தம். வேகமாக, கோபமாக. சுவருக்கு இந்தப் பக்கம் அவர் டம்ளரைப் பிடித்தபடி நின்றார்.

"என்ன சார் பண்றீங்க? தாகமா இருக்கும்" என்றேன் தாழ்ந்த குரலில்.

"தெரியும்."

"குடுங்க, நான் போறேன்."

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். டம்ளரை என்னிடமிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார். அவர் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் வெறுப்பு வந்தது. கையும் காலும் வராத ஒருத்தியைத் தாகத்தோடு கிடத்திவிட்டு ஒளிந்து நிற்கும் மனிதரோடா இத்தனை வருஷம் பழகினேன் என்று நினைத்தேன். தட்டும் சத்தம் நின்றது. நானே போய்விடலாம் என்று காலெடுத்து வைத்தேன்.

"செருப்பு!"

வீடு அதிர்ந்தது. அழுகையும் ஆத்திரமும் கலந்த குரல். அவர் ஓடினார். தண்ணீர் தரையெல்லாம் சிந்த, "இதோ வந்துட்டேன், வந்துட்டேன்மா" என்று ஓடி, கட்டிலில் உட்கார்ந்து அந்தம்மாவின் தலையைத் தூக்கிக் குடிக்கவைத்தார். குடித்து முடித்ததும் அந்தம்மா இடது கையால் அவர் தோளில் அடித்தார். மறுபடி மறுபடி அடித்தார். ஒவ்வோர் அடிக்கும் 'செருப்பு, செருப்பு' என்றார். அவர், "ஆமா, ஆமா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பிப் பார்த்தேன். வாசலில் மகள் கல்லூரிப் பையோடு நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. மெதுவாக உள்ளே வந்தாள். அந்தம்மா அடிப்பதை நிறுத்தி அவளைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கி, "ஜன்னல்" என்றார்.

"என்னம்மா?" என்று கேட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நன்றாகத்தான் இருந்தது. சாயங்காலம் சக்கர நாற்காலியில் ஏரிக்கரைப் பக்கம் கூட்டிப்போவார். நாற்காலியை நிழலில் நிறுத்திவிட்டு அவர் எதிர்க்கடையில் ஏதாவது வாங்கப் போவார். அந்தம்மா சாலையைத் தாண்டி, "செருப்பு!" என்று கூப்பிடுவார். நடைபயிற்சி செய்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இவர் கூச்சமே இல்லாமல் கையைத் தூக்கிக் காட்டுவார். மகள்கூடச் சில சமயம் சிரித்தாள். 'போதும்', 'பால்' என்று ஒன்றிரண்டு சரியான வார்த்தைகளும் திரும்பி வந்தன. மகளின் பெயர் ஒருநாள் பாதி வந்தது. அந்தப் பாதியை அவள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கணவரின் பெயர் மட்டும் வரவேயில்லை. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது பக்கவாதம் அந்தம்மாவுக்கு அவகாசம் தரவில்லை. காரியமெல்லாம் முடிந்து அவர் அலுவலகம் வந்தபோது எங்கள் மென்பொருளின் புதுப் பதிப்பு வெளியாகியிருந்தது. 'மருந்து அளி' என்று சரியாக இருந்தது. யாரோ அதை அவரிடம் சந்தோஷமாகக் காட்டினார்கள். பார்த்துவிட்டு, "நல்லது" என்றார். சில மாதங்களில் வேலையை விட்டுவிட்டார். மகளுக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்து, செம்பாக்கம் வீட்டைப் பூட்டிவிட்டு இருவரும் படப்பைக்குப் போய்விட்டார்கள்.

போன வருஷம் ஓர் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போன இடத்தில், படப்பைக் கடைத்தெருவில் அவரைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். மகள் எதிர்ப்பக்கப் பழக்கடையில் நின்றிருந்தாள். அவர் சாலையோரமாகப் பையைப் பிடித்தபடி காத்திருந்தார். நலம் விசாரித்தேன். வேலை, உடம்பு, வெயில் என்று ஏதோ பேசிக்கொண்டிருந்தோம். கம்பெனி லாரிகளும் பஸ்களும் போய்க்கொண்டிருந்ததால் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. திடீரென்று அவர் குரலைத் தாழ்த்தினார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு நினைச்சிருக்கேன். இவகிட்ட சொல்லலை. சொன்னா தாங்கமாட்டா."

நான் பக்கத்தில் நெருங்கி நின்றேன்.

"அவ போறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி. காலைல அடுப்புல பால் வெச்சிருந்தேன். ஹால்லேர்ந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. என் பேரு. தெளிவா. பக்கத்து வீட்டு டி.வி.ல யாரையோ கூப்பிடறாங்கன்னு நினைச்சேன். பாலை இறக்கி வெச்சு, அடுப்பைத் துடைச்சுட்டுதான் போனேன். அவ கண்ணை எடுக்காம சமையல்ரூம் வாசலையே பார்த்துட்டிருந்தா. முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு அப்பத்தான் உறைச்சுது. கூப்பிட்டியான்னு கேட்டேன். தலையாட்டினா. மறுபடி சொல்லுன்னேன். சொல்லப் பார்த்தா. வரலை. திரும்பத் திரும்பப் பார்த்தா. செருப்புன்னுதான் வந்துச்சு."

அவர் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"பழகிட்டீங்கப்பான்னு இவ அன்னைக்கே சொன்னா. அவ எத்தனை நாள் மனசுக்குள்ளயே சொல்லிப் பார்த்துக்கிட்டு வெச்சிருந்தாளோ. சரியாக் கூப்பிட்டப்போ நான் திரும்பலை."

பழக்கடையிலிருந்து மகள், "அப்பா" என்று கூப்பிட்டாள். பெரிய சத்தமெல்லாம் இல்லை. எங்களுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. எனக்கு அவள் வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. அவர் அதற்குள் திரும்பி, சாலையில் பாதிதூரம் போய்விட்டிருந்தார்.